பிரளயத்துக்கு நிலம் வாங்குகிறவர்கள்

அமெரிக்கா தேசத்தில் கொஞ்ச காலமாக ஒரு புதுவித யாத்திரை நடந்து வருகிறது. பட்டணங்களில் சம்பளத்துக்கு உழைத்துக் கொண்டிருக்கும் ஜனங்களில் ஒரு சாரார், இனிப் பட்டணவாசம் ஆபத்து, எந்த நிமிஷத்திலும் விளக்கு அணைந்து போகலாம், கடைகள் காலியாகலாம், கலகம் மூளலாம் என்று எண்ணி, நாட்டுப்புறத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, வீடு கட்டி, கிணறு தோண்டி, தோட்டம் போட்டு, கோழியும் ஆடும் வளர்த்து, ஒரு வருஷத் தானியத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு தனியே பிழைத்துக் கொள்ளலாம் என்று புறப்படுகிறார்கள். 2020ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்க்குப் பிறகு இந்த ஆசை இன்னும் பலரைப் பிடித்துக்கொண்டது. இதற்கு எந்தக் கவுண்டி உத்தமமானது என்று படங்களை விரித்து வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கவுண்டி என்றால் ஏறக்குறைய நமது ஜில்லாவைப் போன்றது. வரி விதிப்பதும், யார் எங்கே எப்படி வீடு கட்டலாம் என்று விதி செய்வதும் பெரும்பாலும் அதன் அதிகாரத்தில் இருப்பவை.

அமெரிக்கன் எங்கே நிலம் வாங்கினால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஆபத்து வருமுன் அதற்குத் தயாராயிருக்க வேண்டும் என்ற எண்ணம் பகுத்தறிவைச் சேர்ந்த எண்ணம். எல்லாம் தலைவிதிப்படி நடக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைவிட, பத்து நாளைக்குத் தண்ணீரும் தானியமும் எடுத்து வைத்துக் கொள்கிறவன் எவ்வளவோ மேல் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அப்படிப் புறப்பட்டவனே, இடத்தைத் தெரிந்தெடுக்கும் போது மாத்திரம் அறிவை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, பயத்தையும் நிலத் தரகரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போவானேயானால், அவன் காரியம் என்னவாகும் என்று கவனிப்பது எந்த நாட்டாருக்கும் பிரயோஜனமானதேயாகும்.

முதலில் இந்தப் பயத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். 1844ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 22ந் தேதி கிறிஸ்து வரப்போகிறார், உலகம் முடியப் போகிறது என்று வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் கூட்டத்தார் நம்பினார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுவிட்டார்கள். 23ந் தேதி காலையில் சூரியன் வழக்கம்போல் கிழக்கேதான் உதித்தது. அறுக்காத பயிர்தான் மிச்சம். 2011ல் ஹெரால்டு காம்பிங் என்ற ரேடியோ பிரசங்கி மே 21ந் தேதி என்று நாள் குறித்தார். அது பொய்த்தவுடன், எல்லாம் அக்டோபர் 21ந் தேதி நடக்கும் என்று சமாதானம் சொன்னார். அடுத்த வருஷம் மாயர்களின் பஞ்சாங்கம் முடிகிறது என்று வேறொரு கூட்டம் கிளம்பிற்று. 2000ஆம் வருஷம் பிறக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தடுமாறி உலகமே நின்றுவிடும் என்று ஜனங்கள் மூட்டை மூட்டையாய்ச் சாமான் சேர்த்தது ஒன்றுதான் கொஞ்சம் ஆதாரமுள்ள பயம். அந்த ஆபத்தும் ஜெபத்தினால் நீங்கவில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று வருஷக்கணக்கில் தேடித் திருத்திய சிப்பந்திகளின் உழைப்பினால் நீங்கிற்று. வதந்தியைக் கிளப்பினவர்கள் பெயர் தெரிகிற அளவுக்கு அந்தச் சிப்பந்திகளின் பெயர் யாருக்கும் தெரியாது.

பயம் இப்படியிருக்க, இடம் தேடுகிற விதத்தையும் பார்ப்போம். 2011ல் ஜேம்ஸ் வெஸ்லி ராவில்ஸ் என்ற நூலாசிரியர், ஐடஹோ, மாண்டானா, வயோமிங் ராஜ்யங்களையும், ஆரிகன், வாஷிங்டன் ராஜ்யங்களின் கிழக்குப் பாகங்களையும் சேர்த்து "அமெரிக்கக் கொத்தளம்" என்று பெயரிட்டு, பழமைக் கொள்கையுள்ள கிறிஸ்தவர்களையும் யூதர்களையும் அங்கே வந்து குடியேறும்படி அழைத்தார். அதாவது, ஆபத்துக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் என்ன மதம், என்ன அரசியல் என்பது முதல் கேள்வியாகிவிட்டது. கூரை பற்றிக்கொண்டு எரிகிறபோது குடத்தோடு ஓடிவருகிறவனைப் பார்த்து, "நீ எந்தக் கோவிலுக்குப் போகிறவன்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதற்கு எவனுக்காவது நேரமிருக்குமா? மனையடி சாஸ்திரம் பார்த்து வாசல் வைக்கிறவனைப் பரிகசிக்கிறோம். வேதம் பார்த்துக் கவுண்டி தேடுகிறவனை என்னவென்று சொல்வது?

மதம் பாராமல், இயற்கைக் கேடுகளை மாத்திரம் படத்தில் பார்த்து இடம் தேடுகிறவர்களும் உண்டு. இந்த இடத்தில் பூகம்பமில்லை, அந்த இடத்தில் புயலில்லை என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பத்திரமான மூலையைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்கிறார்கள். வட கரோலினா ராஜ்யத்து மலைப்பக்கத்திலுள்ள ஆஷ்வில் நகரம் அப்படிப்பட்ட மூலை என்று பேர் வாங்கியிருந்தது. சமுத்திரத்திலிருந்து இருநூறு மைலுக்கு மேல் உள்ளே, மலை மேலே, புயல் எங்கிருந்து வரும் என்று நினைத்தார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் என்ற புயலின் மழை அந்த மலைகளைச் சரித்துவிட்டது. அந்த ராஜ்யத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பாதை அறுந்த ஊர்களுக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் போயிற்று. ஆஷ்வில் நகரத்துக் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் மறுபடியும் வர 53 நாள் சென்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர் எடுத்து வைக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சர்க்கார் சொல்கிற கணக்கை வைத்துக்கொண்டால், நாலு பேருள்ள குடும்பத்துக்கு 53 நாளைக்கு 212 காலன் வேண்டும். நாலு நாளைக்குச் சேர்த்தவனும் நாற்பது நாளைக்குச் சேர்த்தவனும் கடைசியில் ஒரே தண்ணீர் வண்டிக்கு முன்னால்தான் நின்றிருப்பார்கள். ஆபத்தே வராத இடம் என்று ஒன்று பூமியில் கிடையாது. வந்தபின் மீள்வதற்கு எந்த இடத்தில் வகையிருக்கிறது என்று கேட்பதுதான் கேள்வி.

நிற்க, பொதுப்படப் பேசுவதை விட்டு ஒரு கவுண்டியையே எடுத்து நிறுத்துப் பார்ப்போம். கொலராடோ ராஜ்யத்தின் தெற்கு ஓரத்தில், நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, கோஸ்டில்லா என்று ஒரு கவுண்டி இருக்கிறது. சுமார் 1,200 சதுர மைல் விஸ்தீரணத்துக்கு 2020ஆம் வருஷக் குடிக்கணக்கில் 3,499 பேர். ஒரு சதுர மைலுக்கு மூன்று பேர்கூட இல்லை. பிளாங்கா என்ற 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரம் தலைக்கு மேலே நிற்கிறது. ஐந்து ஏக்கர் மனை சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். பட்டணத்தில் ஒரு பழைய மோட்டாருக்குக் கொடுக்கிற விலை! தரகருடைய விளம்பரத்தில் நீல வானமும், பனி மூடிய சிகரமும், "சுதந்தரம்" என்ற வார்த்தையும் இருக்கும். டெட் கோனோவர் என்ற ஆசிரியர் இந்தச் சமவெளியில் தாமே மனை வாங்கித் தங்கிப் பார்த்து 2022ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தனிமை வேண்டியும், வாடகை கொடுக்க வகையில்லாமலும், கடைசி நம்பிக்கையாகவும் அங்கே வந்தவர்கள் பலர். அப்பேர்ப்பட்டவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். அவர்கள் கையிலுள்ள கடைசிப் பணத்தை வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுக்கிறவர்களிடத்தில்தான் நமக்கு வழக்கு.

மலிவான சாமானைப் பார்த்தால் அது ஏன் மலிவு என்று கேட்பது சாதாரண அறிவு. கோஸ்டில்லாச் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரத்தைந்நூறு அடி உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கிறது. மழை வருஷத்துக்கு ஏழெட்டு அங்குலம். உறைபனி விழாத காலம் ஏறக்குறைய 90 முதல் 100 நாள். குளிர்காலத்தில் ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் போவது அங்கே அதிசயமல்ல. அந்தக் குளிரில் தண்ணீர்த் தொட்டி உறைகிறது, வண்டி கிளம்புவதில்லை, விறகு தீர்ந்தால் மனிதன் தீர்ந்தான். மூன்று மாதத்தில் விதைத்து அறுக்கக்கூடியதைத் தவிர வேறொன்றும் அந்த மண்ணில் நிற்காது.

இந்த மாதிரி வறண்ட பூமியில் ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை அமெரிக்கச் சர்க்காரே அனுபவத்தில் கண்டிருக்கிறது. 1862ல் லிங்கன் காலத்தில் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்து வருஷம் தங்கிப் பயிரிடுகிறவனுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. (அந்த நிலமெல்லாம் ஏற்கெனவே செவ்விந்தியர் என்று சொல்லப்படும் பூர்வ குடிகள் வாழ்ந்த நிலம் என்பது வேறு சங்கதி, அதைச் சொல்லாமல் விடுவதும் யோக்கியமல்ல.) வறண்ட மேற்குப் பிரதேசங்களில் 160 ஏக்கரில் பிழைக்க முடியாமல் குடிகள் கைவிட்டு ஓடவே, 1909ல் 320 ஏக்கர் என்றும், கால்நடை வளர்ப்பவனுக்கு 1916ல் 640 ஏக்கர் என்றும் சட்டம் மாறிற்று. 1976ல் அந்தச் சட்டம் அலாஸ்கா தவிர மற்ற இடங்களில் ரத்தாயிற்று. அலாஸ்காவுக்கு மாத்திரம் இன்னொரு பத்து வருஷம் தவணை. 640 ஏக்கர் வேண்டும் என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட மாதிரியான பூமியை, 1970களில் வியாபாரிகள் கடிதத்தில் கோடு கிழித்து ஐந்தைந்து ஏக்கராக நறுக்கித் தூரதேசத்து மனிதர்களுக்குத் தவணையில் விற்றார்கள். வாங்கினவர்களில் பலர் மனையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஐந்து ஏக்கரில் கிணறு தோண்டித் தோட்டம் போடலாமே என்றால், அங்கேதான் பெரிய தடை. கொலராடோவில் தண்ணீர் நிலத்தைச் சேர்ந்த சொத்தல்ல. முன்னால் எடுத்து உபயோகித்தவனுக்கு முன் உரிமை, பின்னால் வந்தவனுக்குப் பின் உரிமை என்பது அந்த ராஜ்யத்துச் சட்டம். 35 ஏக்கருக்குக் குறைந்த மனைக்குப் பொதுவாகக் கிடைக்கிற கிணற்று உத்தரவு வீட்டுக்குள் உபயோகத்துக்கு மாத்திரமே. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு தக்காளிச் செடிக்கு அந்தத் தண்ணீரை ஊற்றினால் சட்டப்படி குற்றம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் காட்டக் கூடாது. கூரையில் விழும் மழையைப் பிடித்துக்கொள்ளலாமா? சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்காரர் இரண்டு பீப்பாய்களில் மொத்தம் 110 காலன் வரையில் பிடிக்கலாம் என்ற சட்டமே 2016ல்தான் வந்தது. அதற்கு முந்தி, கிணற்று உத்தரவை ஒட்டிய சில விலக்குகளைத் தவிர, அதுவும் கூடாது. அப்படியே முழுவதும் பிடிக்க விட்டாலும், ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஏழு அங்குல மழையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் சேர்ந்தால் வருஷம் முழுவதற்கும் 4,300 காலன் சுமார் ஆகும். சுய தேவையைத் தானே பூர்த்தி செய்துகொள்ள வந்த மனிதன், கடைசியில் ஊரிலிருந்து வண்டியில் தண்ணீர் விலைக்கு வாங்கித் தொட்டியில் ஊற்றிக் குடிக்கிறான். பட்டணத்திலே குழாயைத் திருகினான். இங்கே வண்டியைத் திருகுகிறான்!

சர்க்கார் தொந்தரவு இராது என்ற நம்பிக்கையும் நிலைப்பதில்லை. கழிவுக்குழியும் தண்ணீர் ஏற்பாடும் இல்லாமல் கூடாரத்திலோ வண்டியிலோ நிரந்தரமாய் வசிப்பதைக் கவுண்டி ஒப்புவதில்லை. 2015ஆம் வருஷத்தையொட்டி இந்த விதிகளைக் கண்டிப்பாய் நடத்தப் புகுந்தபோது பெரிய தகராறாயிற்று. எளியவர்களை விரட்டுவது நியாயமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். கழிவு மண்ணில் இறங்கினால் எல்லோருக்கும் கேடல்லவா என்று மறுபக்கம் கேட்டார்கள். இரண்டிலும் நியாயமுண்டு. நிலம் வாங்குமுன் கவுண்டி ஆபீசுக்குப் போய் விதியைப் படித்துப் பார்க்காதவனுக்குத்தான் இரண்டு பக்கத்து நியாயமும் உதவாமற் போகிறது.

சமவெளியில் வறட்சி என்றால் மலைப்பக்கத்து மனைகளில் நெருப்பு. 2018 ஜூன் மாதம் 27ந் தேதி அந்தப் பக்கத்தில் பிடித்த ஸ்பிரிங் கிரீக் தீ 1,08,000 ஏக்கரைத் தின்றது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. காட்டுக்குள் அழகாக மரத்தடியில் தனித்து நின்ற வீடுகளுக்கு அந்த அழகே எமனாயிற்று. வியாதி வந்தாலோ, கவுண்டிக்குள் ஆஸ்பத்திரி கிடையாது. சான் லூயிஸ் ஊரிலிருந்து பக்கத்துக் கவுண்டியிலுள்ள அலமோசாவுக்குச் சுமார் 40 மைல் போகவேண்டும். மண் பாதையில் பனி கிடக்கும் இரவில் மார்வலியோடு அல்லது பிரசவ வேதனையோடு 40 மைல் என்றால் என்ன என்பதை, துப்பாக்கி எத்தனை வாங்குவது என்று கணக்குப் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்களாக. துப்பாக்கி விஷயத்தில் இதற்கு மேல் எழுத நமக்கு மையில்லை.

அப்படியானால் கோஸ்டில்லாவில் மனிதன் பிழைக்கவே முடியாதா என்றால், பிழைத்திருக்கிறான். ஐந்து தலைமுறைக்கு மேலாகப் பிழைத்திருக்கிறான். எப்படி என்பதைத்தான் நிலம் தேடுகிறவர்கள் பார்ப்பதில்லை. 1851ல் நியூ மெக்ஸிகோப் பக்கத்திலிருந்து வந்த ஸ்பானிய பாஷைக் குடியானவர்கள் குலேப்ரா என்ற சிற்றாற்றங்கரையில் சான் லூயிஸ் என்ற ஊரைக் கட்டினார்கள். கொலராடோவில் இன்றுவரை குடியிருப்பு அறாமல் இருக்கிற ஊர்களில் அதுதான் பழையது. மறு வருஷம், 1852 ஏப்ரலில், ஜனங்களின் வாய்க்கால் என்ற பெயரோடு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ராஜ்யத்தின் தண்ணீர் உரிமைக் கணக்கில் அதற்கு முதல் நம்பர். கொலராடோ ஒரு ராஜ்யமானது 1876ல். வாய்க்காலுக்கு ராஜ்யத்தைவிட 24 வயது அதிகம்.

நிலத்தை எப்படிப் பிரித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆற்றோரத்துப் புல்லும், வாய்க்கால் பாயும் வயலும், மேட்டுப் புன்செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும்படி, ஆற்றிலிருந்து மேடு வரைக்கும் நீண்ட ஒடுங்கிய பட்டைகளாகப் பிரித்தார்கள். நல்ல நிலமெல்லாம் ஒருவனுக்கு, கல்லெல்லாம் ஒருவனுக்கு என்றில்லை. ஊரை ஒட்டி லா வேகா என்ற பொது மேய்ச்சல் வெளி. வாய்க்காலுக்கு மயோர்டோமோ என்று ஒருவரைத் தெரிந்தெடுப்பார்கள். நமது ஏரிகளில் மடை திறக்கும் நீர்க்கட்டியைப் போல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. வசந்த காலத்தில் பாத்தியதை உள்ளவர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும், அல்லது ஆள் அனுப்ப வேண்டும். தண்ணீர் குறைந்தால் குறைவையும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். 2002ஆம் வருஷத்தைப் போன்ற பெரிய வறட்சியையும் இப்படித்தான் தாண்டினார்கள். இந்த வாய்க்கால் சங்கங்கள் நிலம் அதிகமுள்ளவனுக்கு அதிக ஓட்டு என்றில்லாமல் நிலக்காரர் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று விதி வைத்துக்கொள்ளவும், உறுப்பினர் தண்ணீர் உரிமையை வெளியே விற்கப் போனால் முதலில் சங்கமே வாங்கிக்கொள்ளவும் 2009ல் வந்த சட்டம் இடங்கொடுக்கிறது. அவர்கள் மெத்தவும் பக்தியுள்ளவர்கள். மே மாதம் 15ந் தேதி உழவர்க்குக் காவலர் என்று சொல்லப்படும் இசிதோர் புனிதரின் நாள் என்று இந்தப் பக்கத்து வாய்க்கால் ஊர்களில் கொண்டாடுவதுண்டு. ஆனால் புனிதருடைய நாளுக்கு முன்பே தூர்வாரி முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் நமக்குத் திருப்தியளிக்கிற விஷயம்.

இந்த ஊரார் சுவர்க்கத்தில் வாழ்வதாக நாம் சொல்லவில்லை. கொலராடோவின் ஏழைக் கவுண்டிகளில் இது ஒன்று. அவர்கள் வந்து குடியேறிய பூமியும் யூட் என்ற பூர்வ குடிகள் வேட்டையாடித் திரிந்த பூமிதான். அவர்களுக்கும் பெரிய அநியாயம் நடந்தது. 1863ல் அப்போதைய நிலச் சொந்தக்காரரான கார்லஸ் போபியன் என்பவர், மலைப்பக்கத்தில் மேய்ச்சல், விறகு, மரம், தண்ணீர் எல்லாம் குடிகள் அனைவருக்கும் உண்டு என்று ஸ்பானிய பாஷையில் சாஸனம் எழுதிக் கொடுத்திருந்தார். 1960ல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜாக் டெய்லர் என்ற மர வியாபாரி சுமார் 77,000 ஏக்கர் மலையை விலைக்கு வாங்கி, ஜனங்கள் நுழையக் கூடாது என்று அடைத்துவிட்டார். நூறு வருஷம் விறகு வெட்டின மலையில் கால் வைத்தால் அத்துமீறல்! 1965ல் கோர்ட்டும் டெய்லர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஆடு மாடுகளை விற்றவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அநேகர். மற்றவர்கள் விடவில்லை. 1981ல் மறுபடி வழக்குப் போட்டார்கள். 2002ல் கொலராடோ மேல்கோர்ட்டு, அந்தக் காலத்துக் குடிகளின் நிலத்துக்கு வாரிசானவர்களுக்கு மேய்க்கவும் விறகெடுக்கவும் மரம் வெட்டவும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 42 வருஷம்! ஒரு சாக்கு கோதுமையையும் ஒரு பெட்டி தோட்டாவையும் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்த எந்த மனிதனாவது இந்த வழக்கை நடத்தியிருக்க முடியுமா?

இப்போது அந்த ஐந்து ஏக்கர் மனைக்குத் திரும்பி வருவோம். அதற்கு வாய்க்காலில் முறை கிடையாது. லா வேகாவில் மேய்ச்சல் கிடையாது. 2002ஆம் வருஷத் தீர்ப்பிலுள்ள மலை உரிமையும் பழைய குடிகளின் நிலத்தைச் சேர்ந்ததேயல்லாமல், கடிதத்தில் கோடு கிழித்த மனையைச் சேர்ந்ததல்ல. விலை குறைந்ததற்குக் காரணம் வானமும் மண்ணும் மாத்திரமல்ல. பிழைப்புக்கு ஆதாரமான பொது உரிமைகள் அத்தனையையும் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் விற்கிறார்கள். மனிதரிடமிருந்து தப்பிப்போக ஆசைப்படுகிறவனுக்கு, மனிதர் சேர்ந்து செய்தது ஒன்றுமில்லாத நிலத்தை விற்பது எளிது. அவனும் அதைச் சுதந்தரம் என்று எண்ணி வாங்கிக் கொள்கிறான்.

ஆகையால் கவுண்டியைப் பரீட்சிக்கிறவர்கள் பிரளயத்தைப் பற்றிய நூல்களைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைத்துவிட்டு, தண்ணீர் யாருடையது, அதில் எனக்கு எத்தனையாவது முறை, தீயணைக்க வருகிறவர்கள் யார், அவர்களோடு நானும் சேர முடியுமா, மருத்துவச்சி எத்தனை மைலில் இருக்கிறாள், போன வறட்சியில் இந்த ஊரார் என்ன செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதைத் தரகரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. வாய்க்கால் தூர்வாருகிற நாளில் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றால் மத்தியானத்துக்குள் பாதி விடை கிடைத்துவிடும். நிலத்தையும் ஜூலை மாதத்து வெயிலில் போய்ப் பார்க்க வேண்டாம். ஜனவரி மாதத்தில், காற்று அடிக்கிற இரவு ஒன்றில், அந்த மனையிலேயே வண்டியை நிறுத்திப் படுத்து எழுந்து வந்து, பிறகு விலையைப் பேசட்டும்.